கொழும்புக்குப் போன துடக்கு

நான் பெரியபிள்ளையான செய்தி கொழும்பில், மேன்முறையீட்டு நீதிமன்றத்தில், நீதிபதிகள் முன்னிலையில் ஆங்கிலத்தில் வாசிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் எத்தனையோ பெண்களுக்குப் பந்தல் போட்டு, மேளம் பிடித்து, படமெடுத்துச் சாமத்தியச் சடங்கு செய்திருக்கிறார்கள். ஆனால் கறுப்பு அங்கி போட்ட ஒருவர் எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு அதைச் சபைக்கு அறிவித்த பெருமை எனக்குத் தெரிந்து வேறு எவளுக்கும் கிடைக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. நாங்கள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் முழுவதும் ஒரு மனிதர் தூக்குத் தண்டனையோடு மறியலில், சிறைக்குள்ளே, இருந்தார்.

எங்கள் தோட்டம் உரும்பிராயின் கிழக்குப் பக்கம். செம்மண் பூமி. தோட்டக் கிணறு ஒன்று, அதில் மூன்று வீட்டுக்குப் பங்கு. எங்களுடையது நடு வீடு. மேற்கு வீட்டில் இருந்தவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். சொந்தம் ஒன்றுமில்லை, அயல். கிழக்கு வீட்டில் கலியாணம் முடித்து அதிக காலமாகாத ஒருவர், மனைவியோடும் கைக்குழந்தையோடும் இருந்தார். அந்த மனைவியை நான் அக்கா என்பேன். இறைப்பு முறை ஒரு நாள் எங்களுக்கு, மறுநாள் மேற்கு வீட்டுக்கு, அதற்கடுத்த நாள் கிழக்கு வீட்டுக்கு. பிறகு மறுபடி எங்களுக்கு. மாரியில் இந்த முறையை ஒருவரும் நினைத்துப் பார்ப்பதில்லை. பங்குனியில் கிணறு அடிமட்டத்துக்குப் போய்விட்டால் மிசின் கொஞ்ச நேரம் இறைத்ததும் சேறு வரும். நிற்பாட்டி, ஊறவிட்டு, மறுபடி இறைக்க வேண்டும். அந்தக் காலத்தில் அடுத்தவருடைய முறையில் ஒருவர் வாய்க்காலைத் தொட்டாலும் சண்டைதான்.

இதற்குள் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒரு வீட்டில் துடக்கு, அதாவது தீட்டு, வந்தால், அது சாவோ, பிறப்போ, பெண்பிள்ளை பெரியபிள்ளையானதோ, துடக்குக் கழியும்வரை அந்த வீட்டார் பங்குக் கிணற்றில் இறைக்க மாட்டார்கள். முறை அவர்களைத் தாண்டி அடுத்த வீட்டுக்கு நகர்ந்து, மற்ற இரண்டு வீடும் மாறி மாறி இறைக்கும். துடக்கு வந்த வீட்டுக்காரர் மற்ற இரண்டு வீட்டுக்கும் போய், எங்களுக்குத் துடக்கு என்று ஒரு சொல் சொல்லிவிட வேண்டும். இது எந்தக் காணி உறுதியிலும் எழுதியிருக்காது. எல்லோருக்கும் தெரியும் என்பதால் எவரும் எழுதவில்லை.

அப்பாவுக்கும் கிழக்கு வீட்டுக்காரருக்கும் கதை பேச்சு இல்லை. காரணம் வேலி. வேலி அடைக்கும்போது ஒரு பூவரசங் கதியாலை, வேலித் தடியை, எங்கள் பக்கம் தள்ளி நட்டுவிட்டார் என்பது அப்பாவின் கட்சி. கதியால் நட்ட இடத்திலேதான் நிற்கிறது, உங்களுடைய கண்தான் தள்ளிப் போய்விட்டது என்பது அவருடைய கட்சி. கதியால் வேர்விட்டுத் துளிர்த்து இலை குலுங்க நின்றது. இவர்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

எண்பத்து மூன்றாம் ஆண்டு பங்குனியில் ஒரு விடியற்காலை நான் பெரியபிள்ளையானேன். எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா என்னை அறைக்குள் பாயில் இருத்தி, பச்சை முட்டையை வாய்க்குள் உடைத்து ஊற்றி, மேலே நல்லெண்ணெயும் பருக்கினாள். அன்று எங்களுடைய இறைப்பு. அப்பா மேற்கு வீட்டுக்குப் போய், எங்களுக்குத் துடக்கு, இன்றைக்கு நீ இறை என்று சொல்லிவிட்டு வந்தார். கிழக்கு வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு வீட்டுக்கும் சொல்லியிருப்பார் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள்.

மேற்கு வீட்டு மாமா மிசினைப் பூட்டி மிளகாய்க்குத் தண்ணீர் கட்டத் தொடங்கினார். எனக்கு அறைக்குள் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று மிசின் நின்றது. சேறு வந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். பிறகுதான் கிழக்கு வீட்டுக்காரருடைய சத்தம் கேட்டது.

"ஆரைக் கேட்டு இண்டைக்கு மிசினைப் பூட்டினனி? இண்டைக்கும் நீ, நாளைக்கும் நீ எண்டால் எனக்குச் சேறே மிச்சம்?"

"போ, போய் உன்ரை அலுவலைப் பார். இண்டைக்கு எனக்குத்தான்."

மாமாவும் ஏன் என்று சொல்லவில்லை. வயலுக்கும் ரோட்டுக்கும் கேட்கிற மாதிரிப் பெட்டைப்பிள்ளையின் கதையைக் கூவக்கூடாது என்று நினைத்தாராம். கட்டிப்பிடித்து உருண்டிருக்கிறார்கள். தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றவருடைய கையில் மண்வெட்டி இருந்தது. ஒரே அடி. அம்மா ஓடினாள். எனக்கு வெளியே வர முடியாது, அறைக்குள் காதைப் பொத்திக்கொண்டு இருந்தேன். கிழக்கு வீட்டு அக்காவின் குரல் பொத்திய கையையும் தாண்டி வந்தது. கிழக்கு வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டார்.

அடுத்த வருடம் யாழ்ப்பாணத்தில் வழக்கு விளங்கினார்கள். அப்பா அரச தரப்புச் சாட்சி. அம்மா பின்வரிசை வாங்கிலில் இருந்து கேட்டுவிட்டு வந்து, பிறகு எத்தனையோ தடவை எங்களுக்கு நடித்துக் காட்டியிருக்கிறாள்.

"அன்றைக்கு யாருடைய முறை?"

"எங்கடை."

"அப்படியானால் நீர் ஏன் இறைக்கவில்லை?"

"வீட்டிலை ஒரு அலுவல்."

அவ்வளவுதான். ஒரு அலுவல். அதற்குப் பிறகு கூண்டில் ஏறிய அயலவர்களும் அன்று நடு வீட்டு முறைதான் என்றார்கள். அது பொய் இல்லை. உண்மையும் இல்லை. கதை கிழக்கு வீட்டுக்குத்தான் போகவில்லை, அத்தனை பேருக்கும் அன்று எங்கள் வீட்டில் துடக்கு என்று தெரியும். அத்தனை ஆம்பிளைகளும் அதை மடியில் கட்டிக்கொண்டு கூண்டிலிருந்து இறங்கி வந்தார்கள். மாமாவும் தன் முறை வந்தபோது, எனக்குத்தான் முறை என்றாரே தவிர அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. உரிமையில்லாத நாளில், கையில் மண்வெட்டியோடு, தண்ணீர் களவெடுக்க வந்து, தட்டிக் கேட்டவரைக் கொன்றவர் என்று நீதிபதி தீர்த்தார். தூக்கு.

அன்று இரவு சோறு போட்டபடி அம்மா தொடங்கினாள்.

"பிள்ளைக்குத் துடக்கெண்டு ஏன் சொல்லேல்லை?"

"உனக்கென்ன விசரே? அவ்வளவு ஆம்பிளையள் இருக்கிற இடத்திலை என்ரை பிள்ளையின்ரை கதையை எடுக்கிறதோ? கொலைக்கேசிலை பேர் அடிபட்டால் நாளைக்கு இவளை ஆர் கட்டுவான்?"

"கட்டாட்டி இருக்கட்டும். எனக்கும் மிளகாய் புடுங்க ஆள் வேணும்."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவருடைய பயம் என் கலியாணத்தைப் பற்றியது மட்டுமல்ல என்று அம்மாவுக்கு அப்போதே விளங்கிவிட்டது. துடக்கு என்று வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி, கிழக்கு வீட்டுக்குச் சொன்னாயா என்பதுதான். "நீங்கள் அங்காலை சொல்லேல்லை, என்ன?" என்று அம்மா கேட்டாள். அப்பா கையைக் கழுவப் போய்விட்டார்.

சில நாளில் மேற்கு வீட்டு மாமி வந்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. குந்தியிருந்து அழுதாள். மறியலில் போய்ப் பார்த்தபோது, உண்மையைச் சொல்லுங்கோ என்று மாமாவிடம் கெஞ்சியிருக்கிறாள். "பெட்டைப்பிள்ளையின்ரை கதை, அதை நான் எடுக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டாராம். அதைக் கேட்டதும் எனக்கு ஆத்திரம் வந்தது, இப்போது நினைத்தாலும் வருகிறது. என்னுடைய மானத்துக்காக ஒருவர் தொங்கத் தயார், இன்னொருவர் தொங்கவிடத் தயார், ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கவும் தயார். அது என்னுடைய மானம் என்றால் என்னை ஒருவராவது கேட்டிருக்கலாம் அல்லவா?

அம்மா கேட்டாள். "பிள்ளை, நான் இதைக் கோட்டுக்குச் சொல்லப்போறன். ஊர் உன்னைப் பகிடி பண்ணும். கலியாணப் பேச்சுக்குள்ளையும் இழுப்பினம். உனக்கு எப்பிடி?"

"சொல்லுங்கோ அம்மா."

"வடிவா யோசிச்சுச் சொல்லு."

"நான் என்ன களவெடுத்தனானே? சொல்லுங்கோ."

இந்தப் பதிலை நினைத்து இன்றைக்கும் என் முதுகை நானே தட்டிக்கொள்வதுண்டு.

மேற்கு வீட்டார் மேன்முறையீட்டுக்குப் பிடித்திருந்த கொழும்பு அப்புக்காத்துக்கு, அந்த வக்கீலுக்கு, செய்தி அனுப்புவதற்கு முதல் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கிழக்கு வீட்டுக்குப் போனாள். செத்தவரும் எங்கடை அயல்தான், முதுகுக்குப் பின்னால் செய்யமாட்டன் என்றாள். கிழக்கு வீட்டு அக்கா வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தாள். குழந்தை அப்போது நடக்கத் தொடங்கிவிட்டது. அம்மா நின்றபடியே சொன்னாள்.

"அண்டைக்கு இவளுக்குத் துடக்கு. எங்கடை முறை மேற்கு வீட்டுக்குப் போனது. உங்களுக்கு நாங்கள் சொல்லேல்லை. அதை நான் கோட்டிலை சொல்லப்போறன்."

அக்கா வெங்காயத்தைக் கீழே வைத்தாள். குழந்தையை இழுத்து மடியில் இருத்தினாள். பிறகு, "துடக்கெண்டு தெரிஞ்சிருந்தால் அவர் சண்டைக்குப் போயிருக்கமாட்டார், அக்கா. அடுத்த நாள் எங்கடை முறையெல்லோ" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் முறை கழிந்தால் அன்று மேற்கு வீடு, மறுநாள் கிழக்கு வீடு. அவருக்குத் தண்ணீர் ஒரு நாள் முந்தியே கிடைத்திருக்கும். தனக்கு நன்மையாக வந்த ஒன்றைத் தெரியாமல் சண்டை பிடித்துச் செத்திருக்கிறார். அம்மாவும் அழுதாள், அக்காவும் அழுதாள். கடைசியில் அக்கா, "சொல்லுறதைச் சொல்லுங்கோ. அந்தாளை நான் மன்னிக்கமாட்டன். ஆனால் களவெடுக்க வந்தவனெண்டு நானும் இனிச் சொல்லேலாது" என்றாள்.

நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் சத்தியக்கடதாசி எழுத, அதில் ஒப்பமிடும் அதிகாரத்தோடு ஊரில் இருந்த சமாதான நீதவானிடம் போனோம். அவர் ஓய்வுபெற்ற வாத்தியார், மிகவும் மரியாதையான மனிதர். அம்மா விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவருடைய முகம் கடதாசிக்குள்ளே போய்க்கொண்டிருந்தது. முடிவில், 'அன்றைய தினம் எமது இல்லத்தில் ஒரு குடும்ப அலுவல் காரணமாக' என்று எழுதி வாசித்தார்.

"மாஸ்டர், அலுவல் எண்டு சொல்லித்தான் அந்த மனிசன் மறியலிலை கிடக்குது. உள்ளதை எழுதுங்கோ."

"அது பிள்ளை, எழுத்திலை வாறது எண்டால்..."

"சடங்குக்குக் காட் அடிச்சு ஊரெல்லாம் குடுக்கிறியள், அது எழுத்தில்லையோ?"

மாஸ்டர் கடதாசியைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். என்னுடையதை நானே சொல்லி எழுதுவித்தேன். என் வாயாலே நான் சொன்னபோது மாஸ்டர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் ஒரு சொல் விடாமல் எழுதினார்.

எண்பத்தாறில் அப்பீல் வந்தது. நானும் அம்மாவும் மேற்கு வீட்டு மாமியும் பஸ் ஏறினோம். அப்பா வரவில்லை. ஆனையிறவு இராணுவக் காவலரணில் இறக்கி, சாமான்களைக் கிளறிப் பார்த்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். கோட்டுக்கு என்றாள் அம்மா. அந்த நாட்களில் தமிழ்ச் சனம் கொழும்புக்கு நீதி கேட்டுப் போகிறது என்றால் கேட்கிறவனுக்குச் சிரிப்பு வரும். கொழும்பில் சிறைக்குள்ளேயே தமிழரைக் கொன்றிருந்த காலம். மாமி வழி முழுக்க வாய்க்குள் தேவாரம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மாமாவைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். தலை முழுக்க நரைத்திருந்தது. எங்களைக் கண்டு தலையை அசைத்தார். என்னை எதற்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. அப்புக்காத்து எழுந்து ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். எனக்குப் பள்ளிக்கூடத்து ஆங்கிலம்தான். ஆனால் ஒரு கட்டத்தில் அவர் கடதாசியை எடுத்து வாசித்துவிட்டு, என் பக்கம் கையைக் காட்டினார். முழுச் சபையும் திரும்பிப் பார்த்தது. மாமாவுக்கு அப்போது விளங்கிவிட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். மாமியும் குனிந்தாள். நான் குனியவில்லை. பக்கத்தில் அம்மா, முடிந்தால் குனியடி பார்ப்போம் என்கிற மாதிரி என் முதுகில் கையை ஊன்றிக்கொண்டிருந்தாள்.

அரச தரப்புச் சட்டத்தரணி எழும்பினார். அவருடைய குரலில் கொஞ்சம் ஏளனம் இருந்தது. நடுவில் இருந்த நீதிபதி, வயதான சிங்களவர், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவரிடம் ஏதோ கேட்டார். அவர் கடதாசிகளை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு அந்த நீதிபதி என்னைப் பார்த்து, மெல்லத் தலையை ஆட்டினார்.

என்ன நடந்தது என்று அப்புக்காத்து வெளி விறாந்தையில் வைத்துச் சொன்னார். இவ்வளவு நாளும் சொல்லாததைத் தண்டனைக்குப் பிறகு சோடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பது அரச தரப்பின் வாதம். நீதிபதி கேட்டாராம், எங்கள் சிங்கள ஊர்களிலும் பெண்பிள்ளையை இப்படித்தான் உள்ளே இருத்துவார்கள், எந்தத் தாய் தன் மகளைப் பற்றி இப்படி ஒரு கதையைச் சோடித்துக்கொண்டு, அந்த மகளையும் கூட்டிக்கொண்டு, இந்தக் காலத்தில் இவ்வளவு தூரம் வருவாள் என்று. முதல் வழக்கில் ஏன் சொல்லவில்லை என்பதற்கும் அதுதான் பதில் என்றாராம்.

கொஞ்ச நாளில் தீர்ப்பு வந்தது. அன்று அவருக்கு உரிய தண்ணீர், தன்னுடைய வேலைக்கு மண்வெட்டியோடு நின்றவர், சண்டை திடீரென்று அவர்மேல் வந்தது. ஆகவே அது திட்டமிட்ட கொலை இல்லை. தூக்கு இல்லை. அடித்ததற்குத் தண்டனை உண்டு, சில வருட மறியல். அது நியாயம்தான். ஒரு உயிர் போனது போனதுதான்.

தீர்ப்பைக் கேட்க அம்மா மாமியோடு மறுபடி கொழும்புக்குப் போய்த் திரும்பிய அன்று, அப்பா சைக்கிளோடு பஸ் தரிப்பிடத்தில் நின்றார்.

"என்னெண்டு?"

"தூக்கு இல்லை."

அப்பா அம்மாவுடைய பையை வாங்கிச் சைக்கிளில் கொழுவினார். ஏறவில்லை, வீடு வரைக்கும் உருட்டிக்கொண்டு வந்தார்.

பள்ளிக்கூடத்தில் எனக்குக் 'கொழும்புச் சாமத்தியம்' என்று பட்டம் வைத்தார்கள். "ஓமடி, உங்கடை சடங்குக்கு ஐயர் வந்தவர், என்ரைக்கு நீதிபதியள் வந்தவை" என்று திருப்பிக் கொடுத்தேன். பிறகு பகிடி ஓய்ந்துவிட்டது. கலியாணப் பேச்சுகள் சில இந்தக் கதையால் குழம்பியது உண்மை. அப்பா சொன்னது பிழையில்லை. ஆனால் ஒரு வீட்டில், பெட்டை கோட்டில் நின்றவளாம் என்று தரகர் இழுத்தபோது, மாப்பிள்ளை, "அப்ப பொய் சொல்லமாட்டா" என்றிருக்கிறார். நான் அவரைத்தான் கட்டினேன்.

மாமா தொண்ணூறு தொடக்கத்தில் விடுதலையாகி வந்தார். தன்னுடைய முறைக்கு இறைப்பார், கிழக்கு வீட்டு அக்கா வரப்பில் ஏறினால் மண்வெட்டியை வைத்துவிட்டு விலகிப் போய்விடுவார். ஒரு சொல் பேசிக்கொள்ளமாட்டார்கள். எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து அம்மாவைக் கும்பிட்டார். என்னை நிமிர்ந்து பார்க்க அவருக்கு அப்போதும் கூச்சம்.

தொண்ணூற்று மூன்றில் என் தலைப்பிள்ளை அம்மா வீட்டில் பிறந்தது. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, மிசின்கள் மூலையில் கிடக்க, துலாவைத் திரும்ப நட்டுக் கையால் இறைத்த காலம். விடியப்போகிற நேரம் பிள்ளை அழுதது. மருத்துவிச்சி குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். முற்றத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லப் போகிறாராக்கும் என்று நினைத்தேன். சத்தம் கிழக்கு வேலிப் பக்கம் போய் நின்றது. அந்தப் பூவரசங் கதியால் அப்போது பெரிய மரமாகியிருந்தது.

"பிள்ளை," என்று அப்பா கூப்பிட்டார். கிழக்கு வீட்டுக்காரர் உயிரோடு இருந்த காலத்திலிருந்தே அந்த வேலிக்கு அங்கால் அவருடைய குரல் போனதில்லை. "பிள்ளை, எங்களுக்குத் துடக்கு. மகளுக்குப் பெட்டைப்பிள்ளை பிறந்திருக்கு. கழியுமட்டும் எங்கடை முறை உங்கள் ரெண்டு வீட்டுக்கும். முதல் உங்களுக்குச் சொல்ல வந்தனான்."

கதவு திறந்தது. அக்கா வேலியடிக்கு வந்தது கேட்டது.

"தாயும் பிள்ளையும் சுகமோ?"

"ஓம், சுகம்." அப்பா போகவில்லை. "அண்டைக்கும் நான் இப்பிடி வந்து நிண்டிருக்கவேணும், பிள்ளை. ஒரு கதியாலுக்காக வராமல் விட்டிட்டன்."

"ஓம்," என்றாள் அக்கா. "நிண்டிருக்கவேணும்."

அவள் உள்ளே போகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில், பத்தியத்துக்கு என்று, அந்த நாளில் எங்கும் கிடைக்காத உள்ளியில், வெள்ளைப்பூண்டில், ஒரு கைப்பிடியை வேலிக்கு மேலால் நீட்டினாள். அப்பா அதைச் சால்வைத் தலைப்பில் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

அம்மா என் தலைமாட்டில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்:

"இப்பதான் இந்த மனிசன் சாட்சி சொல்லியிருக்குது."